மாத்திரையை எடுத்தாச்சா?

எங்கள் வீட்டுக் கொடியில் ஒரு நாள் மாத்திரை காய்ந்தது. அட்டை அட்டையாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளிப் மாட்டி, மதினியின் நனைந்த சேலைக்கும் அண்ணனின் புது வேட்டிக்கும் நடுவில் பளபளவென்று தொங்கிக்கொண்டிருந்தன. காகிதப் பொட்டலத்தில் இருந்தவை கரைந்து போயிருந்தன. அட்டையில் இருந்தவை பிழைத்துக்கொண்டன. தெருவில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். மதினி ஈரத் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு குச்சியோடு கொடிக்குக் கீழே குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். காக்காய் வந்தால் விரட்டுவதற்காம். "காக்காய்க்கு எதுக்கு மதினி இந்த மாத்திரை?" என்று கேட்டேன். "ஒங்க வீட்டு ஆளுகதான் வேண்டாம்னு தூக்கிப் போட்டாச்சு. காக்காயாவது தின்னு புத்தி தெளியட்டும்னு விட்டுரவா?" என்று திருப்பிக் கேட்டாள். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போது நினைத்தால் அடக்க முடியவில்லை.

மதினி என்றால் என் அண்ணனின் மனைவி. வயதில் என்னோடொத்தவள், முறையில் மூத்தவள். அவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவள் உயிரோடு, நல்ல குரலோடு, சங்கரன்கோவிலில்தான் இருக்கிறாள். இதைப் படித்துக் காட்டினால் "என்னத்த எழுதிக் கிழிச்செ?" என்று கேட்பாள். ஆள் இருக்கும்போதே நினைவுக் குறிப்பு எழுதக் கூடாது என்று எங்கேயும் சட்டம் இல்லை. அவள் ராயகிரியில் காடு கழனி பார்க்கும் சம்சாரி வீட்டுப் பெண். வந்த புதிதில் எங்கள் தெருவுக்கே அவளைக் கண்டால் கொஞ்சம் பயம், காரணம் அவள் கேட்கும் கேள்விகள். பஸ் ஏன் இங்கே நிற்கிறது என்று கண்டக்டரிடம் கேட்பாள். கோயிலில் புற்றுமண்ணை ஏன் மஞ்சள் காகிதத்தில் மடிக்கிறார்கள் என்று கேட்பாள். பதில் வரும்வரை நகர மாட்டாள். அண்ணன் அவளுக்கு "விசாரணைக் கமிஷன்" என்று பெயர் வைத்திருந்தான். காலையில் பூச்சந்தையில் மல்லிகையும் பிச்சியும் வாங்கிக்கொண்டு வந்து, கோயில் வாசல் பக்கம் உட்கார்ந்து கட்டி விற்பாள். கை பாட்டுக்குப் பூவைக் கட்டும், வாய் பாட்டுக்கு விசாரிக்கும்.

அண்ணன் விசைத்தறி ஓட்டுபவன். துண்டு நெய்யும் தறி. அந்தக் கொட்டகைக்குள் நின்றால் பக்கத்தில் இருப்பவன் கத்தினாலும் காதில் விழாது. சிறு வயதிலிருந்தே அந்தச் சத்தத்தில் வளர்ந்தவன் என்பதால் அவனுக்கு அது பழகிவிட்டது என்று நாங்கள் நினைத்தோம். பழக்கம் மட்டுமில்லை, அதுதான் அவனுக்கு அடைக்கலம் என்பது பிறகுதான் தெரிந்தது. கரண்ட் போனால் மற்றவர்கள் பீடியும் டீயுமாக வெளியே வந்து உட்காருவார்கள். இவன் மட்டும் காதைப் பொத்திக்கொண்டு நூல் மூட்டைகளுக்கு நடுவில் போய்க் குறுகி உட்கார்ந்துகொள்வான். "தறி ஓடும்போது ஒண்ணும் இல்ல. நின்னா பேசுதாங்க" என்று ஒரு தடவை மதினியிடம் சொல்லியிருக்கிறான். யார் பேசுகிறார்கள் என்று அவள் கேட்டதற்குச் சுவரைக் காட்டினான். நாங்கள் அவனை மந்திரிக்கிறவர்களிடமும் சாமியாடுகிறவர்களிடமும் கூட்டிக்கொண்டு போனோம். அவர்களும் அவரவருக்குத் தெரிந்ததைச் செய்தார்கள்.

ஒரு நாள் முழுக்கக் கரண்ட் இல்லை. டீக்கடையில் எல்லோரும் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. பெஞ்சைத் தூக்கிக் கண்ணாடிப் பெட்டியில் அடித்தான். கண்ணாடி தெறித்ததில் கடைக்காரர் கை கிழிந்தது. போலீஸ் வந்தது, வழக்கு ஆனது, அண்ணன் சிறைக்குப் போனான். எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் போலீஸ் ஜீப்பில் ஏறியதில்லை. அழுது தீர்த்துவிட்டு, பஸ் மாறி மாறிப் போய்ப் பெரிய ஜெயிலில் மனு போட்டுப் பார்த்தோம். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றவனைப் பார்த்து எனக்குத் திகைப்பாகிவிட்டது. கன்னம் ஒட்டிப்போய்க் கிடந்தவன் முகத்தில் சதை வைத்திருந்தது. எங்கள் கண்ணைப் பார்த்துப் பேசினான். "நல்லாத் தூங்குதேன்ட்டி" என்றான். சுற்றிலும் பத்துக் குடும்பங்கள் ஒரே நேரத்தில் கத்திப் பேசுகிற இடத்தில் அதற்கு மேல் எதையும் கேட்டுக்கொள்ள முடியவில்லை. வேளாவேளைக்குச் சோறும் வேறு கவலை இல்லாததும்தான் இப்படித் தேற்றியிருக்கிறது என்று நாங்களாக முடிவு செய்துகொண்டோம்.

ஜாமீனில் வந்தான். இங்கேதான் எங்கள் பக்கத்துப் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஜெயிலிலிருந்து வந்தவன் நேராக வீட்டுப் படி ஏற மாட்டான். ஊருக்கு வெளியே குளத்துக்குக் கூட்டிப்போவார்கள். உடுத்தியிருந்த துணியோடு முங்கி எழ வேண்டும். அந்தத் துணியையும், உள்ளேயிருந்து கொண்டுவந்த பை எதுவோ அதையும் அப்படியே தண்ணீரில் விட்டுவிட வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. புது வேட்டி, நெற்றியில் கோயில் புற்றுமண், பிறகுதான் வீடு. வீட்டுக்குள் வந்தபின் "உள்ளே" நடந்த எதையும் யாரும் கேட்கக் கூடாது, அவனும் சொல்லக் கூடாது. எங்கள் வீட்டில் இதற்கெல்லாம் தலைமை அத்தை. அப்பாவின் அக்கா. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபின் எங்கள் இரண்டு பேரையும் தன் பிள்ளைகளாக வளர்த்தவள். "ஜெயில் காத்துப் பட்ட ஒண்ணும் இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாது" என்று சொல்லி, அண்ணன் கையிலிருந்த துணிப்பையை வாங்கி, கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு வீசினாள். அதில் ஆத்திரம் கிடையாது. பிள்ளை இனி அந்தப் பக்கம் போகவே கூடாது என்கிற வேண்டுதல்தான் இருந்தது. பைக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை.

சில வாரங்கள்தான். தூக்கம் போனது. சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே சுவரைப் பார்க்க ஆரம்பித்தான். மறுபடியும் ஒரு நாள், தறி முதலாளியின் பைக்கைக் கல்லைப் போட்டு நொறுக்கினான். மறுபடியும் ஜீப். மறுபடியும் உள்ளே போனதும் தேறினான், வந்தான், குளத்தில் முங்கினான், பை தண்ணீரில் போனது, ஆள் கெட்டுப்போனான். தெருவில் ஒரு தீர்ப்பே சொல்லிவிட்டார்கள். "அவனுக்கு உள்ளதான் ஒத்துக்கிடுது. அங்கன இருந்தாத்தான் மனுசனா இருக்கான்." அதைச் சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை, கண்ணால் பார்த்ததைச் சொன்னார்கள். எனக்குத்தான் அவமானமாக இருந்தது. ஒரு மனுசனுக்குத் தன் வீட்டைவிட ஜெயில் ஒத்துக்கொள்கிறது என்றால் அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு என்ன மரியாதை? ராயகிரியிலிருந்து மதினியின் அப்பா வந்தார். நல்ல மனுசன், சத்தம் போட்டுப் பேசாதவர். வாசலிலேயே நின்றுகொண்டு மகளிடம் சொன்னார்: "இன்னொரு தடவை போலீசு இந்த வாசலுக்கு வந்து, அவன் உள்ள போயிட்டு வெளிய வந்த பொறவும் இதே கூத்துன்னா, நீ பேசாம என்கூட வண்டியில ஏறிரணும். பெத்த கண்ணால இதுக்கு மேல பாக்க முடியாது மக்கா." மதினி தலையைக் குனிந்துகொண்டு பூக் கட்டினாள். விசாரிக்காமல் அவள் பூக் கட்டி நான் பார்த்ததேயில்லை.

போலீஸ் வந்தது. இந்த முறை ஒரு பஸ் கண்ணாடி. அண்ணன் மூன்றாவது தடவையாக உள்ளே போனான். இலவசச் சட்ட உதவியில் கிடைத்த வக்கீல், ஜாமீன் எடுத்துப் பார்க்கிறேன், ஆனால் இன்னும் ஒரு வழக்கு வந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார். அவன் வாழ்க்கை இனி வீட்டிலா ஜெயிலிலா என்பது ஒரே ஒரு ஜாமீனில் வந்து நின்றது. மதினிக்கும் அதே கணக்குதான், ராயகிரி வண்டியா அண்ணன் வீடா என்று.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் அவளும் நானும் ஜெயிலில் மனு போட்டு அண்ணனைப் பார்க்கப் போயிருந்தோம். பார்த்து முடித்து வெளியே வரும்போது, வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் அந்தப் பக்கமாகப் போனார். பருத்த ஆள், முறுக்கின மீசை, நடையிலேயே ஒரு அவசரம். ஜெயில் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர், எல்லோரும் கம்பவுண்டர் என்றுதான் சொல்வார்கள். மதினி விசாரணைக் கமிஷனை ஆரம்பித்துவிட்டாள்.

"அண்ணாச்சி, ஒரு நிமிசம். எங்க வீட்டு ஆளு இங்கன இருந்தா நல்லா இருக்காவ, வெளிய வந்தா கெட்டுப் போறாவ. ஏன்?"

அவர் அண்ணனின் பெயரைக் கேட்டார், யோசித்தார், பிறகு மீசை துடிக்கக் கோபப்பட்டார். "மாத்திரையை நிப்பாட்டினா கெடத்தானே செய்யும்? நீங்க ஏம்மா நிப்பாட்டுதீங்க?"

"எந்த மாத்திரை?"

"எந்த மாத்திரையா? இங்க டாக்டர் பாத்து எழுதி, தெனம் என் கையால முழுங்க வைக்கேன். வெளிய போகும்போது ஒரு மாசத்துக்கு நானே பையில வச்சு அனுப்புதேன். இந்த ஜெயில்ல இருந்து ஒருத்தன் மாத்திரை இல்லாம வெளிய போனாம்னு யாராவது சொல்லட்டும், இந்த மீசையை எடுத்துருதேன்!"

"பையிலயா வச்சீங்க?"

"பின்ன, பல்லக்குலயா வச்சு அனுப்புவாவ?"

மதினி என் கையைப் பிடித்தாள். நகம் பதிகிற அளவுக்குப் பிடித்தாள். கம்பவுண்டர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், அவள் காதில் எதுவும் ஏறவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து டிக்கெட் எடுத்தாள். திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள். "நம்மளே தூக்கிப் போட்டிருக்கோம்ட்டி. ரெண்டு தடவையும் நம்மளே தூக்கிப் போட்டிருக்கோம். நம்ம குளத்து மீனெல்லாம் இந்நேரம் நல்லாத் தூங்கும்." சொல்லிவிட்டு அழுதாள். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். சிரிப்பும் அழுகையுமாக அவள் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது, எனக்கு என் அண்ணன் திரும்பக் கிடைத்துவிட்டான் என்றே தோன்றியது. கம்பவுண்டர் சொன்னதில் என் காதில் விழுந்தது இது: டாக்டர் அவனுக்கு வந்திருப்பது மனநோய் என்றும், தொடர்ந்து மருந்து சாப்பிட்டால் எல்லோரையும்போல் இருப்பான் என்றும் சொல்லியிருக்கிறார். அவனிடம் சொல்லியிருக்கிறார். அதை அவன் வெளியே வந்து யாரிடம் சொல்வான்? உள்ளே நடந்ததைப் பேசக் கூடாதே.

அத்தையிடம் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. "மாத்திரையும் ஜெயில் காத்துப் பட்டதுதான?" என்றாள் அத்தை. "நீங்க பெத்த பிள்ளை மாதிரி வளத்த பிள்ளை மேலயும்தான் காத்துப் பட்டிருக்கு. அவுகளையும் சேத்துத் தூக்கிப் போட்டுருவோமா?" என்றாள் மதினி. அத்தை அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள், பையைப் போட மாட்டேன் என்று அரைமனதாக ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொண்டது உண்மை. ஆனால் வருசக்கணக்கில் ஊரில் எத்தனையோ வீட்டுக்கு அந்த முழுக்கை நடத்திக்கொடுத்த கை அது.

ஜாமீன் கிடைத்தது. அண்ணன் வந்தான். மழை பெய்து குளம் நிரம்பிக் கிடந்தது. அவன் முங்கி எழும்போது மதினியும் நானும் புது வேட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தோம். "கோமதித் தாயே!" என்று ஊர் அம்மனைக் கூப்பிடும் அத்தையின் குரல் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் பை வானத்தில் போய்க்கொண்டிருக்கிறது. "என் கை தன்னால போட்டுட்டு" என்று பின்னால் சத்தியம் செய்தாள், நான் நம்புகிறேன். பை தண்ணீரில் விழுந்து, காற்றை அடைத்துக்கொண்டு மிதந்து, மடைப் பக்கம் நகர ஆரம்பித்தது. மதினி வேட்டியை என் கையில் விட்டாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் படியில் இறங்கினாள். அவள் மழையை நம்பிய மானாவாரிக் காட்டுக்காரி, நீச்சல் தெரியாது. இடுப்பளவு, மார்பளவு, கழுத்தளவு என்று போய்க்கொண்டே இருந்தாள். "ஏட்டி, செத்துராதட்டி!" என்று அத்தை அலறினாள். மதினி பையைப் பிடித்துவிட்டாள். பிடித்த வேகத்தில் கால் நழுவி முங்கினாள். கை மட்டும் பையோடு தண்ணீருக்கு மேலே நின்றது. அண்ணன் பாய்ந்து நீந்திப்போய் அவளை இழுத்து வந்தான். படியில் ஏறும்போது இரண்டு பேரும் கையைக் கோத்திருந்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் நாலு பேர் பார்க்கக் கை பிடித்து நான் பார்த்ததில்லை. மதினி இருமிக்கொண்டே பையை என்னிடம் நீட்டி, "பிடி. இன்னொரு தடவை இதை யாராவது தொட்டா அவுகளைத் தூக்கிக் கொளத்துல போட்டுருவேன்" என்றாள். நான் அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன். அன்றைக்குத்தான் கொடியில் மாத்திரை காய்ந்தது.

காய்ந்து என்ன, அண்ணன் சாப்பிட மாட்டேன் என்றான். "அது ஜெயில் மாத்திரைட்டி. மணி அடிக்கும், வரிசையில நிக்கணும், களி, மாத்திரை. எல்லாம் ஒண்ணுதான். வெளிய வந்தாச்சுல்லா, இனி எதுக்கு?" மதினி சண்டை போடவில்லை. வாரத்தில் ஒரு நாள் ஊர் அரசு ஆஸ்பத்திரிக்கு மனநல டாக்டர் வருவார் என்று எங்கேயோ விசாரித்து வைத்திருந்தாள். நல்லவேளை, அது மறுநாளே வாய்த்தது. அண்ணனையும், காய்ந்த அட்டைகளையும் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் அட்டையைத் திருப்பிப் பார்த்து, அண்ணனோடு நிதானமாகப் பேசி, அதே மருந்தை எழுதிக் கொடுத்தார். மருந்து ஜன்னலில் அதே அட்டை வந்தது. வெளியே வேப்பமரத்தடியில் வைத்து, இரண்டையும் இரண்டு கையில் காட்டி, "இது ஜெயிலு. இது நம்ம ஊரு. எது வேணும்?" என்று கேட்டாள். அண்ணன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். அப்புறம் எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தான். ஊர் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டான். அன்றிலிருந்து அவனாகவே போட்டுக்கொள்கிறான்.

ஆனால் அத்தை மதினியோடு பேசவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, "சோறு வடிச்சாச்சான்னு கேளு" என்று என் மூலமாகத்தான் பேச்சு. எல்லாம் ஒரு மத்தியானம் மாறியது. அண்ணனைப் பழைய தறி முதலாளியே மறுபடியும் வேலைக்குச் சேர்த்திருந்தார். அத்தை அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோனாள், நானும் கூடப் போனேன். நாங்கள் கொட்டகை வாசலில் நிற்கும்போது கரண்ட் போனது. வரிசையாக எல்லாத் தறியும் நின்றது. அத்தனை சத்தத்துக்குப் பிறகு வருகிற அமைதி காதை அடைக்கும். அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். பக்கத்துத் தறிக்காரப் பையனிடம் முந்தின நாள் கிரிக்கெட்டைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தான். எங்களைப் பார்த்து, "என்ன குழம்பு அத்த?" என்றான். அத்தை சாப்பாட்டை அவன் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். வீட்டுக்கு வந்ததும் நேராக மதினி முன்னால் போய் நின்று, "அந்த ஆஸ்பத்திரிக்கு அடுத்த தடவை எப்பட்டி போகணும்? நானும் வாரேன்" என்றாள்.

வழக்குகள் கோர்ட்டுக்கு வந்தன. செய்தது செய்ததுதான் என்று அண்ணன் ஒப்புக்கொண்டான். கடைக்காரரிடமும் மற்றவர்களிடமும் நேரில் போய் மன்னிப்புக் கேட்டிருந்தான். வக்கீல், இவரைச் சிறைக்கு அனுப்பாமல், நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையில், மருத்துவம் தொடர வேண்டும் என்ற நிபந்தனையோடு விட வேண்டும் என்று வாதாடினார். நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். இதற்கு முன்னும் இவருக்கு மருந்து கொடுத்துத்தானே அனுப்பினார்கள், அப்போதெல்லாம் நின்றுபோனது இனி நிற்காது என்று என்ன உறுதி? வக்கீல் தாளைப் புரட்டினார். மதினி எழுந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையில் அத்தை எழுந்துவிட்டாள்.

"தாயி, தூக்கிப் போட்டது நாந்தான். பையில மாத்திரை இருந்தது எனக்குத் தெரியாது. தெரிஞ்ச பொறவும் ஒருக்காப் போட்டேன். இந்தப் பிள்ளைதான் கொளத்துல எறங்கி எடுத்துச்சு. அவன் மேல தப்புன்னா என்னையும் சேத்து உள்ள போடுங்க. இல்ல, வெளிய விட்டீங்கன்னா நானும் இவளும் பாத்துக்கிடுதோம். இனி அவன் ஒருவேளை மாத்திரையை விட்டா, நான் பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்."

கோர்ட்டில் அப்படிப் பேசக் கூடாது என்று யாரோ அதட்டினார்கள். நீதிபதி அம்மா கையைக் காட்டி அதட்டியவரை உட்காரச் சொன்னார். குளத்தில் என்ன நடந்தது என்று மதினியிடம் முழுக்கக் கேட்டார். அங்கேயும் மதினி விடவில்லை, "அம்மா, கோர்ட்டுல இருந்து விடும்போதாவது வீட்டு ஆளுககிட்ட மாத்திரையைப் பத்திச் சொன்னா என்ன?" என்று ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தாள். உத்தரவு மத்தியானம் வந்தது. அண்ணன் வீட்டுக்குப் போகலாம். அன்றைக்கு நாங்கள் கோர்ட் வாசலிலிருந்து தேர் வருவதுபோல் வந்தோம். வழியெல்லாம் அத்தை கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். அடுத்த வாரம் ராயகிரி மாமா, அதாவது மதினியின் அப்பா, வந்தார். மகளைக் கூட்டிப்போகத்தான் வந்தார், ஊரில் கோயில் கொடைத் திருவிழாவாம். "ரெண்டு பேரும் வாங்க" என்றார். அந்த இரண்டு என்ற சொல்லில் மதினியின் முகம் எப்படி மலர்ந்தது என்பதை எழுத எனக்குத் தெரியவில்லை.

அதோடு நின்றிருந்தால் அது எங்கள் வீட்டுக் கதை. மதினி நிற்கவில்லை. ஜெயிலுக்குப் போய்க் கம்பவுண்டரைத் தேடிப் பிடித்து, "அண்ணாச்சி, இனி எங்க பக்கத்து ஆளுகளுக்குப் பையில வைக்காதீக. குளத்துக்குப் போயிரும்" என்று விவரம் சொன்னாள். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டாராம். இத்தனை வருசமும் தான் அனுப்பிய மருந்தெல்லாம் எந்தெந்தத் தண்ணீரில் போயிற்று என்று கணக்குப் போட்டுப் பார்த்து மனுசன் ஆடிப்போயிருக்கிறார். காசநோய்க்காரர்கள், வலிப்புக்காரர்கள், சர்க்கரைக்காரர்கள் எல்லாருக்கும் அதே பைதானே. அன்றிலிருந்து, அனுமதி வாங்கி, எங்கள் வட்டாரத்து ஆள் யாராவது மருந்தோடு வெளியே வந்தால் குடும்பத்தைக் கூப்பிட்டு மதினியின் போன் நம்பரைக் கொடுத்துவிடுவார். மதினி குளத்தங்கரையில் போய் நிற்பாள். பழக்கத்தை விடச் சொல்லி அவள் யாரிடமும் வாதாடியதில்லை. பையிலிருந்து மாத்திரையை மட்டும் எடுத்து, கையில் வேறு எதுவும் இல்லாததால் தன் பூக்கூடையில் போட்டுக்கொள்வாள். பை தண்ணீரில் போகும். முழுக்கு முடிந்து, புது வேட்டி கட்டிப் புற்றுமண் பூசியபின், கூடையிலிருந்து பூவோடு பூவாக மாத்திரையை எடுத்துக் கொடுப்பாள். எந்த டாக்டரை எந்தக் கிழமை பார்க்க வேண்டும் என்றும் சொல்லிவிடுவாள். பூவுக்குள் இருந்து வந்ததை யாரும் ஜெயில் மாத்திரை என்று ஒதுக்கவில்லை. அத்தை கடைசிவரை கூடவே போய்க்கொண்டிருந்தாள். யாராவது பையைக் கையில் எடுத்தால் போதும், "ஏலே, நில்லு! மாத்திரையை எடுத்தாச்சா?" என்று கரை அதிரக் கேட்பாள். போன வருசம் அவள் காலமானபோது, அப்படி வெளியே வந்து நிலைத்துவிட்ட ஆட்கள்தான் பாடையின் நாலு பக்கமும் தோள் கொடுத்தார்கள்.

இப்போது அண்ணன் கொட்டகையில் மேஸ்திரி. விடுமுறையில் மதினியைப் பைக்கில் குளத்துக்குக் கொண்டுவிடுவது அவன்தான். போன மாதம் ஒரு நாள் நானும் அவர்களோடு போயிருந்தேன். நாங்கள் எதிர்பார்த்தவர்கள் இன்னும் வரவில்லை. அதற்குள் சிவகிரிப் பக்கத்திலிருந்து வேறு ஒரு குடும்பம் வேனில் வந்து இறங்கியது. கோயிலுக்குப் போவதற்கு முன் முழுக்குப் போட வந்திருக்கிறார்கள். எங்களில் யாரையும் அவர்களுக்குத் தெரியாது. தோளில் துண்டு போட்ட ஒரு பெரிய அண்ணாச்சி எல்லோரையும் அதட்டி வேலை வாங்கினார். ஜெயிலிலிருந்து வந்து, பையோடு படியில் இறங்கப்போன இளைஞனை நிறுத்தி, பையைப் பிரித்து, மாத்திரைகளை ஒவ்வொன்றாக எடுத்து, வேனிலிருந்து கொண்டுவந்த ஒரு புத்தம்புதுப் பூக்கூடையில் வைத்தார். மேலே இரண்டு முழம் மல்லிகையைப் பரப்பினார். நாங்கள் மூன்று பேரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்துவிட்டு, பக்கத்தில் வந்து விளக்கம் சொன்னார்.

"ஒங்களுக்குத் தெரியாதுன்னு நெனைக்கேன். மாத்திரையைப் பூக்கூடையிலதான் வைக்கணும், வேற எதுலயும் வைக்கக் கூடாது. எங்க பக்கம் தாத்தா பூட்டன் காலத்துல இருந்தே இதான் முறை. பெரியவங்க ஒண்ணும் தெரியாமலா வச்சிருப்பாவ?"

அண்ணன் சட்டென்று குளத்துப் பக்கம் திரும்பிக்கொண்டான், அவன் தோள் குலுங்கியது. எனக்குப் பொறுக்கவில்லை. இந்த முறையை உண்டாக்கினவள் இதோ உங்கள் முன்னால்தான் நிற்கிறாள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மதினி என் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள். அந்த அண்ணாச்சியைப் பார்த்து, பயபக்தியோடு தலையாட்டினாள். அவர் திருப்தியாகப் படியில் இறங்கிப் போனபின், கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே என் காதில் சொன்னாள்:

"பேசாம இருட்டி. அவுக தாத்தா வச்ச முறையை நாம எதுக்குக் கெடுக்கணும்?"